செயற்கைப் பல்வரிசையும் நுண்ணலையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



உத்திரமேரூரில் பேச எழுபவர் எவரும் குடவோலைக் கல்வெட்டைப் போற்றாமல் தொடங்குவதில்லை. முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, நிலமும் வேதக் கல்வியும் உடையோர் பெயரையே ஓலையில் எழுத இடம் தந்தது என்பதையும், நம் முன்னோர் பெயர் அக்குடத்தில் விழுந்ததில்லை என்பதையும் மட்டும் சொல்லி நான் மேலே செல்கிறேன். எனக்குத் தரப்பட்டுள்ள பொருள், செயற்கைப் பல்வரிசையை நுண்ணலை கொண்டு இறுகச் செய்தல் என்பது. நான் மருத்துவன் அல்லேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பல் கட்டும் தொழிற்கூடங்களில் வேலை செய்தவன். அந்த அளவில் என் பேச்சைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நம் ஊர்ப்புறத்தில் ‘பல்செட்டு’ என்று வழங்கும் பொருளின் அடித்தட்டு, அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசினால் ஆனது. 1937 அளவில் பல் மருத்துவத்திற்குள் வந்த இப்பிசின் பத்தே ஆண்டுகளில் மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதற்கு முன் பெரிதும் வழங்கியது வல்கனைட்டு என்னும் கெட்டி ரப்பர். அதன் காப்புரிமையை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், கட்டணம் செலுத்தாத பல் மருத்துவர்கள்மீது ஓயாமல் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்தின் சார்பில் வழக்காடிவந்த ஜோசையா பேக்கன் என்பவரை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவரே சுட்டுக் கொன்றார். பல் போனவன் வாய்க்குள் வைக்கும் ஒரு ரப்பர்த் துண்டுக்காக நடந்த கொலை இது!

பல்வரிசை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் வாயில் அளவெடுத்து, மெழுகில் பற்களைப் பதித்துப் பொருத்திப் பார்த்த பின் அம்மெழுகு மாதிரி எங்களிடம் வரும். இரு பாதிகளாகப் பிரியும் பித்தளைப் பெட்டிக்குள் அதனைப் பிளாஸ்டர்ச் சாந்தில் புதைத்து, வெந்நீரால் மெழுகை உருக்கி வெளியேற்றுவோம். பற்கள் சாந்தைப் பற்றிக்கொண்டு நிற்க, மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். ஐம்பொன் சிலை வார்ப்போர் கையாளும் முறையும் இதுவே. மூன்று பங்கு தூளும் ஒரு பங்கு நீர்மமும் கலந்து, பிசைந்த மாவின் பதம் வந்ததும் அவ்விடத்தில் அடைத்து இறுக்கிவிடுவோம்.

இந்த மாவு கெட்டியாவதற்கு வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசைக் கடந்ததும், தூளில் கலந்துள்ள பென்சாயில் பெராக்சைடு சிதைந்து, நீர்மத்தின் சிறு மூலக்கூறுகளைப் பூக்கோப்பதுபோல் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கத் தொடங்கும். அப்பொழுது மாவும் தன்னுள்ளிருந்து வெப்பத்தை வெளியிடும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அந்நீர்மத்தின் கொதிநிலை 100.8 டிகிரி. உள்வெப்பம் அதனைத் தாண்டுமாயின், கோக்கப்படாமல் எஞ்சிய நீர்மம் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் குமிழாகத் தங்கிவிடும், தட்டு துளைபடும். ஆகையால்தான் 74 டிகிரி வெந்நீரில் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் வைத்தல், அன்றேல் 74 டிகிரியில் இரண்டு மணி நேரமும் பின்னர்க் கொதிநீரில் ஒரு மணி நேரமும் வைத்தல் என்னும் வழக்கம் ஏற்பட்டது. அதன்பின் பெட்டி மெல்ல ஆற வேண்டும். சூட்டோடு திறந்தால் தட்டு கோணிப்போகும்.

இதனை நான் நூலில் மட்டும் படித்தவன் அல்லேன். 1987-இல் நகரத்துத் தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சியாளனாக இருந்தேன். இப்பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாற்று நடும் கூலிவேலை செய்யும் மூதாட்டி ஒருவர் பல் கட்ட வந்திருந்தார். மறுநாள் காலை அவருக்குப் பல்வரிசை கொடுப்பதாக ஏற்பாடு. கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான் பெட்டியை நேரே கொதிநீரில் இட்டு, வேலையை விரைந்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். காலையில் திறந்து பார்த்தால், தட்டின் தடித்த இடமெல்லாம் துளைகள். அம்மூதாட்டி வந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். அடுத்த வாரம் வருமாறு அவரிடம் சொன்னவன் நானே. “நடவு தொடங்கிடுச்சு தம்பி, இனிமே எப்ப வர்றதுன்னு தெரியலையே” என்று சொல்லி எழுந்து போனார். அதற்குள் அவர் ஐந்து முறை வந்துவிட்டார். ஐந்து நாட்கூலியும் போயிற்று. மீண்டும் மெழுகிலிருந்து தொடங்கிச் செய்த பல்வரிசை, எண் எழுதிய பெட்டிக்குள் நான்கு திங்கள் கிடந்தது. பின்னர் நானே அதனை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குச் சென்றேன். பல் பிடுங்கிய ஈறு அதற்குள் சுருங்கிவிட்டமையால் தட்டு சரியாக அமரவில்லை. வாயில் வைத்துத் திருத்தம் செய்வது மருத்துவர் வேலை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. அவர் அதனைத் துணியில் முடிந்து பரண்மேல் வைத்தார். கேழ்வரகுக் கூழ் குடிக்கப் பல் எதற்கு என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

இனி, நுண்ணலைக்கு வருவோம். வெந்நீர் முறையில் வெப்பம் நீரிலிருந்து பித்தளைக்கும், பித்தளையிலிருந்து சாந்துக்கும், சாந்திலிருந்து மாவுக்குமாகக் கைமாறிச் செல்கிறது. நுண்ணலை அடுப்பில் பிறக்கும் 2,450 மெகாஹெர்ட்சு அலையின் மின்புலமோ ஒரு நொடிக்கு 490 கோடி முறை திசை மாறுகிறது. நீர்மத்தின் மூலக்கூறுகள் அதனோடு சேர்ந்து திரும்ப முயன்று ஒன்றோடொன்று மோதுவதால், மாவுக்குள்ளும் ஈரச் சாந்துக்குள்ளும் நின்ற இடத்திலேயே வெப்பம் தோன்றுகிறது. மாவு இறுகுந்தோறும் கோக்கப்படாத நீர்மம் குறைவதால், அது ஏற்கும் ஆற்றலும் தானே குறைகிறது.

ஜப்பானில் நிஷி என்னும் ஆய்வாளர் 1968-இல் இம்முறையைப் பற்றி எழுதினார். ஆயினும் பித்தளைப் பெட்டி ஒரு தடையாயிற்று; உலோகம் நுண்ணலையை உள்ளே விடாமல் திருப்பிவிடும். 1980-களில் கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் பெட்டி வந்த பின்னரே இது தொழிற்கூடங்களுக்கு ஏற்றதாயிற்று. இதற்கென்றே செய்யப்பட்ட பிசினுக்கு 500 வாட்டில் மூன்று நிமிடம் போதும். முறையாகச் செய்த தட்டு, வலிமையிலும் பொருத்தத்திலும் வெந்நீரில் செய்ததற்குக் குறைந்ததன்று என்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால், கடையில் கிடைக்கும் சாதாரணப் பிசினை அதே மூன்று நிமிடத்தில் முடிக்க முயல்பவர், 1987-இல் நான் கண்ட துளைகளையே காண்பார். அதற்குக் குறைந்த ஆற்றலில் தொடங்க வேண்டும். 90 வாட்டில் 13 நிமிடமும், பின்னர் 500 வாட்டில் ஒன்றரை நிமிடமும் என்பது ஆய்வாளர் கையாண்ட ஒரு முறை. அப்பொழுதும் பதினைந்து நிமிடத்திற்குள் வேலை முடிகிறது. பெட்டி ஆறுவதற்கு மட்டும் பழைய பொறுமையே தேவை. பிளாஸ்டிக் பெட்டி விலை மிகுந்தது. பலமுறை அழுத்தினால் விரிசல் விடும். பல்வரிசைக்குப் பயன்படும் அடுப்பில் ஒருபோதும் உணவு சமைக்கலாகாது என்பதையும் தாய்மார்கள் முன்னிலையில் சொல்லிவைக்கிறேன்.

இதனால் நம் மக்களுக்கு என்ன பயன்? நுண்ணலை தொழிற்கூடத்தின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. நோயாளியின் நேரத்தை அவ்வளவாக மிச்சப்படுத்துவதில்லை. முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடைகளின் பொருத்தம், மெழுகுச் சோதனை, பின்னர்ப் பல்வரிசை பெறுதல் என முழு வரிசைக்கு ஐந்து வருகைகள் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் வெந்தாலும் ஒன்பது மணி நேரம் வெந்தாலும் அந்த ஐந்து ஐந்தே. என் கணக்கில், மருத்துவரும் தொழிற்கூடமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தான் இம்முறை ஏழைக்குப் பயன்படும். காலையில் மெழுகுச் சோதனை, மாலையில் பல்வரிசை என்று முடித்து, ஒரு நாட்கூலியைக் காக்கலாம். நான் செய்தது போன்ற தவறு நேர்ந்தாலும், அடுத்த வாரம் வா என்று அனுப்பாமல் கூடுமானவரை விரைவில் திருத்தலாம். 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய இராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோர்க்கு வழங்கும் கருவிகளில் செயற்கைப் பல்வரிசையையும் சேர்த்தது. கைத்தடியை வண்டியில் ஏற்றிவந்து கொடுத்துவிடலாம். பல்வரிசையை அவ்வாறு கொடுக்க இயலாது. நம் சங்கம் மருத்துவ முகாம் நடத்தும்போது, ஒரு நாள் முகாமாக நடத்தாமல், தொடர்ந்து ஐந்து வாரம் அதே இடத்தில், நடவும் அறுவடையும் இல்லாத காலத்தில் நடத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றுமொரு செய்தி. அக்காலத்தில் என் ஊர்த் தேநீர்க் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்தது. அவ்வூரின் பெரிய நிலக்கிழார் ஒருவரின் மேற்பல்வரிசை எங்கள் கூடத்திற்கு வந்தபோது அதனைச் செய்து மெருகிட்டவன் நான். அவர் அதனை அணிந்துகொண்டு அக்கடையில் தேநீர் அருந்துவதை, என் தனிக் குவளையோடு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. பல்வரிசை நன்றாகவே அமர்ந்திருந்தது.

1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் பல் மெக்கானிக்குகளைப் பதிவு செய்யவும் வகை செய்தது. அதற்கான இரண்டாண்டுப் பயிற்சியில் சேர விரும்பும் மாணவ மாணவியர் உரை முடிந்ததும் என்னிடம் வரலாம். பழைய பித்தளைப் பெட்டி ஒன்றையும் கண்ணாடியிழைப் பெட்டி ஒன்றையும் வாயிற்பக்க மேசையில் வைத்திருக்கிறேன். துளைபட்ட அந்தத் தட்டும் அங்கே இருக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள்.