முழங்காற் சில்லின் காவல்



முழங்காலைப் பற்றி இச்சபையிலே சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். விளையாட்டிலே சடுதியாகத் திரும்பும்போது முழங்காற் சில்லு வெளிப்புறமாக விலகுதல் பெரும்பாலும் இளம் வயதினருக்கே நேர்வது. ஆதலால் இஃது இளைஞர் சங்கத்துக்கு உரிய பொருளே.

சில்லின் உட்புறத்தைத் தொடையெலும்போடு பிணைக்கும் நார் ஒன்று உண்டு. நீட்டிய கால் ஏறக்குறைய 30 பாகை மடங்கும் வரையில் சில்லுக்குத் தலையாய காவல் அதுவே. மேலும் மடங்கினால், தொடையெலும்பின் பள்ளம் சில்லை ஏந்திக்கொள்ளும். சில்லு முதன்முறை விலகும்போதே இந்நார் பெரும்பாலும் கிழிந்துவிடுகின்றது.

அப்படியாயின் உடனே சத்திரசிகிச்சை வேண்டுமா? எல்லோருக்கும் வேண்டியதில்லை. எலும்போ குருத்தெலும்போ உடைந்து மூட்டினுள்ளே கிடக்காவிடின், ஓய்வும், பின்னர் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியுமே பெரும்பாலும் முதல் வைத்தியம். மீண்டும் மீண்டும் விலகினாற்றான் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிப்பர்.

1938இல் ஹவுசர் என்பவர், சில்லின் கீழுள்ள நார் கணைக்காலெலும்பிற் பதியும் இடத்தையே பெயர்த்து வைக்கும் முறையை வெளியிட்டார். ஆனால் அவ்வாறு செய்துகொண்ட பலருக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு உண்டாயிற்று. இன்றோ, நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநார் ஒன்றை எடுத்து, கிழிந்த காவல் நாரின் இடத்திலே பொருத்துவது பெருவழக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேயும் பசுவின் கயிறு பசுவை இழுப்பதற்கன்று. எல்லை தாண்டாமல் தடுப்பதற்கே. புதிய நாரும் அத்தகையது. அதிகம் இறுக்கினாலும், தொடையெலும்பிற் பதிக்கும் இடம் சில மில்லிமீற்றர் பிசகினாலும், சில்லு அழுந்திக் குருத்தெலும்பு கெடும். அவ்விடத்தை எக்ஸ்-கதிர்ப் படத்திலே காணும் வழியை 2007இல் ஷாட்டில் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் வகுத்தனர். எலும்புப் பள்ளம் மிக ஆழமற்றிருந்தாலோ சில்லு மிக மேலே இருந்தாலோ நார் மட்டும் போதாமற் போகலாம். அவற்றையும் முன்னரே ஆராய்தல் அவசியம்.

சத்திரசிகிச்சையோடு காரியம் முடிவதில்லை. மாதக்கணக்கான பயிற்சியின் பின்னரே மைதானத்துக்குத் திரும்பலாம்.

சில்லு விலகியதை வீட்டாருக்கு மறைத்து, தைலம் பூசி மறுவாரமே ஆடப்போவது வீரமன்று. ஒவ்வொரு முறை விலகும்போதும் குருத்தெலும்பு சேதமடையக்கூடும். தோழன் ஒருவன் படியிறங்க அஞ்சி நிற்பதைக் கண்டால், நகையாடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.