செம்முடி ஆன்

கனடிய எழுத்தாளர் மாண்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' 1908-இல் வெளிவந்தது. 1939-இல் ஜப்பானை விட்டு நீங்கிய கனடிய நண்பர் ஒருவர், அந்நூலை முரவோகா ஹனகோவின் கையில் கொடுத்துச் சென்றார். பின்னர் மூண்ட போரில் ஆங்கிலம் பகைவர் மொழியாயிற்று. அச்சிடுவார் எவருமில்லை, எனினும் ஹனகோ மொழிபெயர்த்தார். குண்டு விழுந்த டோக்கியோவில் மூலநூலையும் கையெழுத்துப் படியையும் காத்தார். 1952-இல் 'அககே நோ ஆன்', அதாவது 'செம்முடி ஆன்', நூலாயிற்று. தலைப்பு முதலில் அவருக்கே பிடிக்கவில்லை. மகள் விரும்பியதால் இசைந்தாராம்! தொடரின் பிற நூல்களையும் அடுத்தடுத்துத் தந்தார்.

ஹனகோ 1968-இல் மறைந்தார். 1979-இல் தகாஹதா இசாவோ அக்கதையை 50 பகுதிகள் கொண்ட இயங்குபடத் தொடராக்கினார். அதற்கு ஆதாரமான மொழிபெயர்ப்பு வேறொருவருடையது; தலைப்போ ஹனகோவின் நூலுடையதே. 2014-இல் 'ஹனகோவும் ஆனும்' என்றொரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் கதைத்தலைவி ஆன் அல்லள், மொழிபெயர்த்தவரே.