உடற்பருமனும் நம் உணவு முறையும்

(ஒரத்தநாட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1934-ல் கல்லணைக் கால்வாய் திறக்கப்பட்ட பின்னரே இச்சீமையில் வானம் பார்த்த பூமி பெரும்பாலும் நஞ்சையாயிற்று. அன்று மூன்று வேளையும் நெற்சோறு உண்பது பெருமை. ஏர் உழுது, நாற்று நட்டு, கட்டுச் சுமந்த தேகத்திற்கு அது தகுதியுமாம். இன்று உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிள். உழைப்புப் போயிற்று, சோற்றின் அளவு மட்டும் போகவில்லை. வேட்டி கட்டுமிடம் ஆண்டுதோறும் தொந்திக்குக் கீழே இறங்குவது இதனாலன்றோ? இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80-ம் மிகலாகாதென்பர் மருத்துவர்.

சிலர் பத்து நாள் பட்டினி கிடந்து, பதினோராம் நாள் இரட்டிப்பாய் உண்கின்றனர். இது விரதமுமன்று, வைத்தியமுமன்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைச் சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் நடந்து, உணவைத் திருத்திக்கொண்டோர்க்கு நோய் வருவது, அவ்வாறு செய்யாதாரினும் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. அவர்தம் எடையோ பெரிதும் குறையவில்லை! ஆகவே தினமும் தராசேறி மனந்தளர வேண்டா.

இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பயறும் கூட்டுக. வாய்க்காற்கரையில் அரைமணி நடக்க. மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவைக் குறைக்கக் கடவர். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையலென்றால் ஒரு மாதமும் நில்லாது. குடும்பம் முழுதும் மாற வேண்டும். போதுமென்பவர் இலையில் மேலும் சோறிடுவதை உபசாரமென்று நாம் கருதுவதும் ஒழிய வேண்டும். நமது வருடாந்தர விருந்தில் இலைக்கு இரண்டு இனிப்பு என்பதை ஒன்றாக்குமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.