அதிமதுரமும் வயிற்றுப் பிள்ளையும்

தொண்டை கரகரத்தால் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி வாயில் அடக்கிக்கொள்வது நம் வழக்கம். கர்ப்பிணிகளும் மூலிகைதானே என்று தயங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

தாய்க்கு மன அழுத்தம் கூடினால் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது முழுவதும் பிள்ளைக்குப் போய்ச் சேராதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. வருகிற கார்டிசாலில் பெரும்பங்கை அங்கேயே செயலற்றதாக்கிவிடும். எத்தனை அருமையான ஏற்பாடு! அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், இந்த நொதியைத்தான் முடக்குகிறது.

பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், 12, 13 வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை உறுதிசெய்வதல்ல. ஆனாலும் கர்ப்பிணிகள் அதிமதுரத்தை அதிகம் உண்ண வேண்டாம் என்று அந்நாடு 2016-லேயே அறிவுறுத்தியிருந்தது.

மன அழுத்தம் குறைய என்று மாத்திரையாக விற்கும் அமுக்கராவும், அதாவது அஸ்வகந்தாவும், கர்ப்பத்தில் கூடாது. டென்மார்க் 2023-இல் அதற்குத் தடையே விதித்தது.

எப்போதோ ஒரு துண்டு அதிமதுரம் மென்றவர்கள் பதற வேண்டாம். தினமும் சூரணமோ மாத்திரையோ எடுப்பவர்கள் அடுத்த பரிசோதனைக்கு அந்த டப்பாவையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மனசு தாங்காத பாரமாக இருந்தால், அதையும் அவரிடமே சொல்லுங்கள்.