கிழிந்த வலையும் புது யோசனையும்

இன்னிக்கு ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். உங்க கையில ஒரு கிழிஞ்ச மீன்வலை இருக்கு. மீன் பிடிக்கிறதைத் தவிர அதை வெச்சு என்னவெல்லாம் செய்யலாம்? யோசிச்சுக்கிட்டே கேளுங்க.

தூத்துக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டேன். கோழிக்கூடு, கிணற்று மூடி, புடலைப் பந்தல் என்று அடுக்கினார்கள். பந்தல் சொன்ன பெண்ணிடம், "எப்படித் தோணுச்சு?" என்றேன். "ஆச்சி வீட்டுல கயித்துல பந்தல் போட்டிருந்தாங்க" என்றாள். அவள் பார்த்தது கயிறு. வலை அவளே சேர்த்தது.

புது யோசனை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. கெவின் மடோர், டோனா ரோஸ் ஆடிஸ், டேனியல் ஷாக்டர் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு சின்ன வீடியோவைப் பார்த்தவர்களை, அதில் யார், எங்கே, என்ன செய்தார்கள் என்று நுணுக்கமாக நினைவுபடுத்தச் சொன்னார்கள். பிறகு நம்ம வலைக் கேள்வி மாதிரி ஒன்று. அப்படி நினைவுகூர்ந்த பிறகு கூடுதல் பயன்கள் தோன்றின. ஒரே விடை உள்ள சொற்புதிரில் மட்டும் அந்தப் பலன் இல்லை.

நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். அது பழுதானவர்களிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார் டெமிஸ் ஹசாபிஸ். 2024இல் வேதியியல் நோபல் வாங்கினாரே, அவரேதான். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில், பெரும்பாலோர் வானம், சத்தம் என்று துண்டு துண்டாகத்தான் சொன்னார்கள். ஒரு முழுக் காட்சியாக அது சேரவில்லை.

நம்ம கடலுக்கு வருவோம். சிப்பி படிவதும் மீன் கூடுவதும் கடலடிப் பாறைத் திட்டில். அதைப் 'பார்' என்போம். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், கரையோரப் பாரை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கரையில ஒரு கோபுரமும் ஒரு பனையும் ஒரே நேரா வரணும். வேறு திசையில் இன்னொரு சோடியும் அப்படியே வரணும். இரண்டு கோடும் வெட்டுற இடம்தான் பார். பனை விழுந்துட்டா? புதுசா எழுந்த புகைபோக்கியை வெச்சு வேற சோடி சேர்க்கணும். அங்கே நினைவும் வேணும், அதைப் பிரிச்சுக் கோக்கவும் தெரியணும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இப்படிப் பிரித்துக் கோக்கும்போதுதான் நடக்காததும் நடந்ததாக நினைவில் ஒட்டிக்கொள்கிறது என்கிறார் ஷாக்டர்.

மனப்பாடம் கற்பனையைக் கொன்றுவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அது முழுசா சரியாப் படலை. ஒரே சாவிக்கு மட்டும் திறக்கிற நினைவுதான் சிக்கல். கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா பிள்ளை திகைச்சு நிக்குதே, அதுதான்.

அதனால ராத்திரி, "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்காதீங்க. யார் பக்கத்துல உட்கார்ந்தா, என்ன சொன்னா, அப்ப வெளியில என்ன சத்தம்னு கேளுங்க. அப்புறம் வலைக் கேள்வியைப் போடுங்க. மேலே சொன்ன ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. ஆனா வீட்டுல செஞ்சு பாக்குறதுல நட்டம் ஒண்ணுமில்லை.

கிழிஞ்ச வலைக்கு உங்க பதிலையும் எழுதி அனுப்புங்க.