மதகுகளும் மழைக்காடும்: சிங்கப்பூரின் இன்னொரு பக்கம்

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் தேக்கா கடைத்தெருவைப் பற்றிச் சொல்வார்கள், விமான நிலையத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதே தீவில் முதலை வெயில் காயும் ஆறும் இருக்கிறது, அழுங்கு நடமாடும் மழைக்காடும் இருக்கிறது. இரண்டும் எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் போகிற தூரம்தான். இன்று அந்தப் பக்கம் போய்வருவோம்.

முதலில் வடமேற்குக் கரை. கிராஞ்சி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் வந்துவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. கரையோரம் நின்றால் எதிரே ஜொகூர் நீரிணை. அதற்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரத்துக் கட்டடங்கள். இந்தப் பக்கம் அலையாத்திக் காடு.

இது ஆதிகாலம் தொட்டு அப்படியே கிடக்கும் காடு அல்ல. பெரும்பகுதி இறால் வளர்த்த குட்டைகள். 1986இல் பறவை பார்க்கப் போன இயற்கை ஆர்வலர்கள் அங்கே வலசைப் பறவைகள் திரளாக இறங்குவதைக் கண்டார்கள். இடத்தைக் காப்பாற்றச் சொல்லி அரசுக்கு எழுதினார்கள். 1989இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகம் ஆனது.

குட்டைகளின் பழைய மதகுகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. கடல் ஏறும்போது வெளியே உள்ள சேற்றுத்திட்டுகள் முழுகிவிடும். உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் குட்டைகளில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தால், பறவைகள் எல்லாம் உள்ளே வந்து இறங்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரை போனால் இதைப் பார்க்கலாம். சிவந்த கால்களோடு ஒருவகை உள்ளான், கீழ்நோக்கி வளைந்த அலகோடு கோட்டான் என்னும் கரைப்பறவை, சைபீரியப் பக்கத்திலிருந்து வரும் பொன்னிற உப்புக்கொத்தி. பறவை பார்க்கும் மறைவிடங்களில் பேச்சில்லாமல் உட்கார்ந்தால் போதும், அவை நம்மைப் பொருட்படுத்தாமல் இரை பொறுக்கும்.

கடல் வற்றும் நேரத்தில் கண்ணைக் கீழே திருப்புங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றி மூச்சுவேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும். சேற்றில் காற்றோட்டம் கிடையாது. மரம் இந்த வேர்களின் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

அந்த வேர்களுக்கு இடையே ஒரு மீன் நடந்து போகும். ஆமாம், நடந்துதான். மட்ஸ்கிப்பர் என்பார்கள். முன்துடுப்புகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து நகரும். கண்கள் இரண்டும் தலை உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும். செவுள் அறைகளில் கொஞ்சம் தண்ணீரை அடக்கிக்கொண்டுதான் கரையேறுகிறது. தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வழியாகவும் காற்றை இழுத்துக்கொள்ளும். தோல் காய ஆரம்பித்தால் சேற்றில் ஒரு புரள் புரளும். பத்து நிமிடம் குனிந்து நின்றால் இத்தனையும் பார்த்துவிடலாம்.

ஆற்றின் குறுக்கே உள்ள பாலத்தில் எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால், கீழே உவர்நீர் முதலை என்று அர்த்தம். நீர் உடும்பு நடைபாதையிலேயே குறுக்கே வரும். ஒதுங்கி வழி விடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் மீனைக் கடித்துக்கொண்டிருக்கும். தீவில் காணாமல் போயிருந்த இந்த நீர்நாய்கள் 1990களின் கடைசியில் இந்தப் பக்கம்தான் திரும்பவும் வந்து தங்கின. இப்போது மரினா பே வரை பரவிவிட்டன.

இனி காட்டுக்குப் போவோம். தீவின் நடுவே புக்கித் தீமா குன்று. உயரம் 163 மீட்டர்தான். இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் இந்த வட்டாரத்தில் தங்கி வண்டு பிடித்தார். இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட 700 வகை. பெரும்பாலும் ஒரு சதுர மைல் காட்டுக்குள்ளேயே கிடைத்தவை. புலி பிடிக்கத் தோண்டிய குழிகள் அப்போது அங்கே இருந்தன. புலி போய்விட்டது, காட்டின் ஒரு பகுதி தப்பித்தது.

பக்கத்தில் உள்ள நீர்ப்பிடிப்புக் காடு தப்பித்தது நகரத்தின் தாகத்தால். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குச் சுற்றிலும் மரம் வேண்டியிருந்தது. இன்று அங்கே 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் இருக்கிறது. மர உச்சிகளின் மட்டத்தில் நடக்கலாம். கீழே வந்தபின் மரத்தண்டுகளைக் கவனியுங்கள். பட்டையின் நிறத்தில் ஒரு முண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அது கொலுகோவாக இருக்கலாம். கழுத்திலிருந்து வால் நுனி வரை தோல்விரிப்பு உள்ள விலங்கு. பகல் முழுக்க அசையாது. இருட்டியதும் மரம்விட்டு மரம் சறுக்கும்.

1986இல் விரைவுச்சாலை ஒன்று இந்த இரண்டு காடுகளையும் துண்டாக்கியது. சாலையைக் கடக்கப் போய் அழுங்குகள் அடிபட்டன. அதனால் 2013இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டி, மண் கொட்டி, மரம் நட்டார்கள். பாலம் விலங்குகளுக்கானது. அழுங்கு அதில் கடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

மதகைத் திறந்து மூட ஆள் இல்லாவிட்டால் உள்ளானுக்கு இடமில்லை. பாலம் இல்லாவிட்டால் அழுங்குக்கு வழியில்லை. நகரத்துப் பக்கத்தில் காட்டை வேலி போட்டு விட்டுவிட்டால் போதாது, அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சிங்கப்பூரில் கண்ணால் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரநிலத்துக்குக் கிளம்புமுன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பறவைக்கு ஏற்றம், மீனுக்கு இறக்கம். தொங்குபாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும். குடை கட்டாயம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், அங்கே அது சட்டப்படி குற்றம்.