பாடநூலுக்குத் துணையானவை



முன்னர் பூமிசாத்திரம் என வழங்கிய புவியியலை இடைநிலை வகுப்புகளிற் கற்பிக்கும் ஆசிரியருக்குத் துணைச்சாதனம் என்றதும் நினைவுக்கு வருவன பூகோள உருண்டையும், சுவர்ப்படமும், படங்காட்டுங் கருவியுமே. இவை வேண்டியனவே. ஆயினும், பல பாடசாலைகளில் இவை அலுமாரிக்குள் உறங்க, அலுமாரியின் திறவுகோல் வேறோரிடத்தில் உறங்குகின்றது. நான் இன்று சொல்லக் கருதுவது அத்தகைய விலையுயர்ந்த சாதனங்களைப் பற்றியன்று.

பல ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒன்பதாம் வகுப்புக்குப் பாடஞ் சொல்லுகையில், "குடாநாட்டில் ஆறு இல்லை" என்று கரும்பலகையில் எழுதினேன். பாடநூலும் அவ்வாறே கூறிற்று. அராலியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் ஊரில் ஓடுகிறதே!" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றேன். அடுத்த கிழமை, நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட ஓரங்குலப் படத்தை மேசைமேல் விரித்தோம். ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலத்தில் அடக்கிக் காட்டும் படம் அது. அதிலே வழுக்கியாற்றின் வழியை அந்த மாணவனே விரலால் தொட்டுக் காட்டினான். மாரியில் மட்டும் ஓடி, அராலிக்கருகே கடனீரேரியிற் கலப்பது அது. 'ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை' என்று கரும்பலகையைத் திருத்தினேன்.

அவ்வாறாயின், பெய்யும் மழை எங்கே போகின்றது? இக்கேள்வியை எழுப்பியவர்கள் மாணவர்களே. குடாநாட்டின் அடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக நீர் கீழிறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இதனைச் சொல்லி விளக்குதல் அரிது, காட்டுதல் எளிது. கண்ணாடிக் குவளையொன்றில் உப்புநீரை ஊற்றி, பீற்றூட் சாற்றினாற் சிவப்பாக்குங்கள். அதன்மேல் நன்னீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் தனித்தனியே நிற்கும். மேலுள்ள நீரைக் குழாயினால் மெதுவாக உறிஞ்சினால் நன்னீரே வரும். விரைந்து உறிஞ்சினாலோ, சிவப்பு நீர் மேலெழும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்ற விதியைப் பின்னர் சொன்னால் போதும். மேலே ஓரடி குறைந்தால் கீழே என்னவாகும் என்பதை அவர்களே கணக்கிட்டுக்கொள்வர்.

மழையை அளக்க நேர்ச்சுவருள்ள பால்மாப் பேணியும் அடிமட்டமும் போதும். மரநிழலில் வைக்கலாகாது, அவ்வளவே. கிணற்றுக்கோ முடிச்சிட்ட கயிறு. ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருமுறையும், தையில் ஒருமுறையும் அளந்து, ஓரங்குலப் படத்தின் பிரதியிலே குறிக்கச் செய்தேன். முதலாண்டுக் கணக்கிற் பிழைகள் மலிந்திருந்தன. கயிறு நனைந்து நீண்டுவிட்டதென்பதைப் பின்னரே கண்டோம்.

கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தன் வீட்டுத் தோட்டக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகின்றது என்பதையும், நீரிறைக்கும் இயந்திரம் அன்று எத்தனை மணிநேரம் ஓடிற்று என்பதையும் நாள்தோறும் எழுதிவந்தாள். அதை எழுதும்படி நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, வெங்காயம் நடுவதற்கு முன்னர், அந்த ஏட்டைச் சில நாட்களுக்கு இரவல் தரும்படி அவளுடைய தந்தையார் கேட்டனுப்பினார்.